வெறுப்பின் காரணம் தேடிய மெய்யியலாளர்

1656-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் நகரில், போர்ச்சுகீசிய யூதர்களின் வழிபாட்டுக் கூடத்தில் ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது. 23 வயது வணிகர் ஒருவரைச் சமூகத்திலிருந்து விலக்குவதாக அது அறிவித்தது. அவரோடு எவரும் பேசக் கூடாது. கடிதத் தொடர்பும் கூடாது. ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது. நான்கு முழத் தொலைவுக்குள் நெருங்கக் கூடாது. அவர் எழுதிய எதையும் படிக்கக் கூடாது. சாபங்கள் நீளமாக இருந்தன. ஆனால், குற்றம் இன்னதென்று தெளிவாகச் சொல்லப்படவில்லை. தீய கருத்துகள், கொடுஞ்செயல்கள் என்ற பொதுச் சொற்களோடு அறிக்கை நின்றுவிட்டது. விலக்கப்பட்டவர் பாரூக் ஸ்பினோசா. அந்த விலக்கம் இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை.

ஸ்பினோசாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் அவரைச் சினமே அறியாத துறவியாக வரைந்து காட்டுகிறார்கள். மற்றொரு சாரார் அவரது கருத்துகளை வாழ்க்கையிலிருந்து அடியோடு பிரித்தெடுத்து உள்பொருள், பண்பு, இன்றியமையாமை என்ற கலைச்சொற்களாகப் பாடநூலில் அடுக்கிவிடுகிறார்கள். நெடுங்காலமாக அவரைப் படித்து வருபவன் என்ற முறையில், இவ்விரண்டுமே எனக்கு நிறைவளிக்கவில்லை. இளமையிலேயே வெறுப்புக்கு ஆளான ஒருவர், வெறுப்பு என்பது என்ன, எதனால் அது பிறக்கிறது, எதனால் நீங்கும் என்று வடிவக் கணிதத்தை ஆராய்வதுபோல ஆராய்ந்தார். அங்கிருந்து தொடங்கினால் அவருடைய கடினமான கோட்பாடுகளும் கைக்கு எட்டும் என்பது என் எண்ணம்.

அவர் 1632-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். முன்னோர் போர்ச்சுகலிலிருந்து வந்தவர்கள். அங்கே யூதர்கள் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்டனர். மாறிய பிறகும் சமய விசாரணை மன்றத்தின் கண்காணிப்பு அவர்களை விட்டபாடில்லை. பல தலைமுறைகள் வெளியே ஒரு சமயமும் உள்ளே ஒரு சமயமுமாக வாழ்ந்தவர்கள், ஓரளவு சகிப்புத்தன்மை கொண்ட ஹாலந்துக்குத் தப்பி வந்து, மறந்துபோன தங்கள் சமயத்தை மீண்டும் எழுத்தெண்ணிக் கற்றுக்கொண்டார்கள். தந்தை மிகேல் வணிகர், சமூகத்தில் மதிப்புள்ளவர். தாய் ஹன்னா, மகனுக்கு ஆறு வயது நிறையும் முன்பே காலமானார்.

ஸ்பினோசாவுக்கு ஏழு வயதானபோது, 1640-இல், அந்தச் சமூகத்தில் ஒரு துயரம் நிகழ்ந்தது. ஆன்மா அழிவற்றது என்பதை மறுத்த உரியேல் ட கோஸ்டா என்பவர் பல்லாண்டுகள் விலக்கி வைக்கப்பட்டு, தனிமையைத் தாங்க முடியாமல் மன்னிப்புக் கேட்டு வந்தார். அவருக்கு வழிபாட்டுக் கூடத்தில் 39 கசையடிகள் கொடுக்கப்பட்டன. பிறகு வாசலில் அவரைக் கிடக்கச் செய்து அனைவரும் தாண்டிச் சென்றனர். சில நாள்களில் அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். சிறுவன் ஸ்பினோசா இதைக் கண்ணால் கண்டானா என்பது பற்றி ஓவியர்களின் கற்பனை வேண்டியமட்டும் பாய்ந்திருக்கிறது. அது நமக்குத் தேவையில்லை. விலக்கப்பட்டவனுக்கு என்ன நேரும் என்பது அந்தத் தெருவில் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்; அவ்வளவு போதும்.

விலக்கியவர்களைக் கொடியவர்கள் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. ஸ்பினோசாவின் முறையைப் பின்பற்றினால் அப்படிச் செய்ய இயலாது. அந்தச் சமூகத்தினர் பிறர் மண்ணில் ஒண்டியிருந்தவர்கள். நகர ஆட்சியாளர்களும் கால்வினியப் போதகர்களும் தங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கடவுளையும் மறைநூலையும் கேள்வி கேட்பவன் தங்களுக்குள் இருக்கிறான் என்ற செய்தி வெளியே பரவினால், இருக்கும் இடமும் பறிபோகுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அச்சத்திலிருந்து வெறுப்பு பிறந்தது. பணச் சிக்கலும் உடன் இருந்தது. 1654-இல் தந்தை இறந்தபோது விட்டுச்சென்ற கடனிலிருந்து விடுபட, தாம் இன்னும் உரிய வயதடையாதவர் என்று காட்டி ஸ்பினோசா நகர அதிகாரிகளிடம் பாதுகாப்புப் பெற்றிருந்தார். இதுவும் சமூகத் தலைவர்களைச் சினமூட்டியிருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

உரியேல் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். ஸ்பினோசா கேட்கவில்லை. எபிரேய மொழியில் பாரூக், போர்ச்சுகீசிய மொழியில் பென்டோ என்ற பெயரை இலத்தீனில் பெனடிக்டஸ் என்று மாற்றிக்கொண்டார். மூன்றுக்கும் பொருள் ஒன்றே: வாழ்த்தப் பெற்றவர். சாபத்துக்குப் பின்னும் அந்தப் பொருளை அவர் விடவில்லை. வேறொரு சமயத்தில் சேரவும் இல்லை. ஒரு கூட்டத்திலிருந்து தள்ளப்பட்டவன் மறு கூட்டத்தில் தஞ்சம் புகுவதே வழக்கமாக இருந்த நூற்றாண்டில், எந்தக் கூட்டமும் இல்லாமல் வாழ முற்பட்டது எனக்கு அவரது முதல் மெய்யியல் செயலாகவே தோன்றுகிறது. முன்னாள் இயேசு சபையினரான வான் டென் எண்டனிடம் இலத்தீன் கற்றார். டெகார்ட்டைப் படித்தார். பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடி, நுண்ணோக்கி, தொலைநோக்கி ஆகியவற்றுக்கான ஆடிகளைத் தேய்க்கும் தொழிலை மேற்கொண்டார்.

இந்தத் தொழிலைப் பற்றி ஒரு சொல். அது ஏழையின் கைவேலை மட்டுமன்று. அன்றைய அறிவியலின் முன்னணிக் கருவித் தொழிலும் அதுவே. சனிக் கோளின் வளையத்தை விளக்கிய ஹைகன்ஸ் தம் சகோதரருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்பினோசாவின் ஆடிகளைப் பாராட்டுகிறார். பெயரைச் சொல்லாமல், ஊரையும் இனத்தையும் சொல்லியே அவரைக் குறிப்பிடுகிறார். ஆடித் தொழிலால் மட்டுமே அவர் வாழ்ந்தார் என்ற கதையும் முழு உண்மையன்று. சிமோன் டி விரீஸ் என்ற நண்பர் தம் சொத்தையே அவருக்கு எழுதி வைக்க விரும்பினார். அது தம்பிக்கே உரியது என்று ஸ்பினோசா மறுத்தார். நண்பர் இறந்த பின் அந்தத் தம்பி ஆண்டுக்கு 500 கில்டர் தர முன்வந்தபோது, 300 போதும் என்று குறைத்துப் பெற்றுக்கொண்டார். தந்தை வழிச் சொத்தில் சகோதரியோடு எழுந்த வழக்கில், சட்டப்படி தம் உரிமையை நிலைநாட்டிய பிறகு, ஒரே ஒரு கட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுக்கொடுத்தார். உரிமை வேறு, தேவை வேறு என்று அவர் பிரித்துப் பார்த்த விதம் இதில் தெரிகிறது.

1661-இல் ரைன்ஸ்பர்க், 1663-இல் வோர்பர்க், பின்னர் தி ஹேக் என்று சிறு வாடகை அறைகளில் வாழ்ந்தபடி அவர் எழுதிய பெருநூல் 'அறவியல்'. யூக்ளிடின் வடிவக் கணித நூலைப்போல வரையறை, வெளிப்படை உண்மை, தேற்றம், நிறுவல் என்ற வரிசையில் அமைந்த அந்நூலைத் திறந்தவுடன் மூடிவிடுபவர்களே மிகுதி. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும், அந்த இறுகிய வடிவத்துக்கு ஒரு காரணம் உண்டு. மனித உணர்ச்சிகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அவற்றைப் பழித்தார்கள், அல்லது நகையாடினார்கள், அல்லது அவற்றுக்காக அழுதார்கள். ஸ்பினோசா கோட்டையும் தளத்தையும் ஆராய்வதுபோல அவற்றை ஆராய விரும்பினார். முக்கோணத்தின் மீது யாருக்கும் கோபம் வருவதில்லை.

நூலின் அடித்தளம் ஒரே உள்பொருள் என்ற கோட்பாடு. தன் இருப்புக்கும் தன்னைப் பற்றிய அறிவுக்கும் வேறெதையும் சாராதது எதுவோ அதுவே உள்பொருள். அத்தகையது ஒன்றுதான் இருக்க முடியும், அது எல்லையற்றது. அதைக் கடவுள் என்றும் சொல்லலாம், இயற்கை என்றும் சொல்லலாம். அதன் பண்புகள் எண்ணற்றவை. நாம் அறிபவை எண்ணம், பரப்பு என்ற இரண்டு மட்டுமே. கல், மரம், மனிதன், மனிதனின் மனம் ஆகிய தனிப்பொருள்கள் யாவும் அந்த ஒன்றின் வெவ்வேறு நிலைகள். கடலில் அலைகள் போல என்று உதாரணம் சொல்வார்கள். டெகார்ட் உடலையும் மனத்தையும் இரு வேறு பொருள்களாக்கிவிட்டு, அவை எப்படிச் சந்திக்கின்றன என்று திண்டாடினார். ஸ்பினோசாவுக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. உடலும் மனமும் ஒரே பொருளை இரு பண்புகளின் வழியே அறிவதாகும்.

இதைக் கேட்டவுடன் அத்வைதம் என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒற்றுமை இருப்பது மெய். ஆனால், ஸ்பினோசாவுக்கு உலகம் தோற்றமன்று. ஒவ்வொரு தனிப்பொருளும் உண்மையானது. அதற்குரிய காரணத்தால் அது இன்றியமையாமல் விளைந்தது. அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக அறிவதே கடவுளை அறிவது என்கிறார். ஆடி தேய்ப்பவரின் கடவுள் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இந்தக் கடவுள் வேண்டுதலைக் கேட்பதில்லை, யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, தண்டிப்பதும் இல்லை, எந்த நோக்கத்துக்காகவும் செயல்படுவதில்லை. ஸ்பினோசா தரும் உதாரணம் ஒன்று எளிமையானது. கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவன் இறக்கிறான். அவனைக் கொல்லவே கல் விழுந்தது என்று சிலர் சொல்கிறார்கள். காற்று அடித்தது, அவன் அவ்வழியே வந்தான் என்று பதில் சொன்னால், காற்று ஏன் அப்போது அடித்தது, அவன் ஏன் அப்போது வந்தான் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் இறைவனின் திருவுளம் என்ற இடத்தில் அடைக்கலம் புகுகிறார்கள். காரணம் தெரியாதபோது புகும் அடைக்கலம் அது என்பது அவர் கருத்து. அந்த அறியாமையை அகற்ற முயல்பவன் இறைமறுப்பாளன் என்று ஏசப்படுவதற்கும் அவர் காரணம் காட்டுகிறார்: அறியாமை நீங்கினால், அதன் மீது எழுப்பிய அதிகாரமும் நீங்கிவிடும். 23 வயதில் அவர் கேட்ட சாபத்தின் விளக்கம் இங்கே, யார் மீதும் குற்றம் சாட்டாத நடையில், வந்துவிடுகிறது.

எல்லாம் காரணத்தால் விளைகிறது என்றால் மனிதனின் விருப்புரிமை என்னாவது? அது இல்லை என்கிறார் ஸ்பினோசா. எறியப்பட்ட கல் ஒன்று நடுவானில் திடீரென்று சிந்திக்கத் தொடங்குவதாகக் கொள்வோம். தான் பறப்பதை அது அறியும். தன்னை எறிந்த கையை அறியாது. ஆகவே, தன் விருப்பத்தால் பறப்பதாக நம்பும். மனிதர்கள் பெருமை கொள்ளும் சுதந்திரம் இத்தகையதே என்று 1674-இல் ஒரு கடிதத்தில் விளக்குகிறார். ஆசையை உணர்கிறோம், ஆசையின் காரணத்தை உணர்வதில்லை.

மாணவர்கள் இந்த இடத்தில் வழக்கமாக எதிர்த்து எழுவார்கள், எழவும் வேண்டும். அப்படியானால் குற்றவாளியைத் தண்டிப்பது எப்படி, முயற்சிக்கு என்ன பயன் என்ற கேள்விகள் நியாயமானவை. ஸ்பினோசாவின் விடையில் சுதந்திரம் என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிடுகிறது. காரணமின்றிச் செயல்படுவது சுதந்திரமன்று. அப்படி எதுவும் செயல்படுவதில்லை. வெளிக் காரணங்களால் இழுபட்டு அலைவது அடிமைநிலை. தன் இயல்பிலிருந்தும் தெளிந்த அறிவிலிருந்தும் செயல் பிறப்பது சுதந்திரம். நாய் கடித்து வெறிநோய் கண்டவன்மீது பழியில்லை. ஆயினும், மற்றவர்களைக் காப்பதற்காக அவனைத் தடுக்கத்தான் வேண்டும். தண்டனை இருக்கலாம், பழிவாங்கும் இன்பம் அதில் இருக்க இடமில்லை என்பதே இதன் முடிவு. இந்த விடை எல்லா ஐயங்களையும் தீர்த்துவிடுகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், நம் நாளிதழ்களில் ஒவ்வொரு கொடுங்குற்றச் செய்திக்கும் எழும் ஆரவாரத்தைப் பார்க்கும்போது, அந்த வேறுபாட்டை நினைத்துக்கொள்கிறேன்.

'அறவியல்' நூலின் சிறந்த பகுதி உணர்ச்சிகளைப் பற்றியது என்பது என் கணிப்பு. ஒவ்வொரு பொருளும் தன் இருப்பில் நிலைத்திருக்க முனைகிறது. மனிதனிடம் அந்த முனைப்பே ஆசை எனப்படுகிறது. நம் ஆற்றல் வளரும்போது தோன்றுவது மகிழ்ச்சி. குறையும்போது தோன்றுவது துயரம். இந்த மூன்றிலிருந்தே மற்றவை எல்லாம் பிறக்கின்றன. மகிழ்ச்சியோடு அதன் புறக் காரணத்தைப் பற்றிய எண்ணமும் சேர்ந்தால் அன்பு. துயரத்தோடு அதன் புறக் காரணத்தைப் பற்றிய எண்ணம் சேர்ந்தால் வெறுப்பு. இவ்வளவுதான் வரையறை. இதிலிருந்து பின்வருவன பலவும் விளைகின்றன. ஒருவனால் துயருற்றவன் அவனை மட்டுமின்றி, அவன் இனத்தையே, அவன் வகுப்பையே வெறுக்கத் தொடங்குவான். வெறுப்புக்கு வெறுப்பு பதிலாக வந்தால் அது பெருகும். அன்பு பதிலாக வந்தால் அழியக்கூடும். காரணமற்றுத் தன்னிச்சையாக ஒருவன் தீங்கு செய்தான் என்று எண்ணும்போது வெறுப்பு மிகுதியாகும். காரணத்தொடரில் அவனும் ஒரு கண்ணி என்று காணும்போது குறையும்.

விருப்புரிமையை மறுக்கும் கோட்பாடும் வெறுப்பைப் பற்றிய கோட்பாடும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன. ஒருவன் வேறு விதமாகச் செய்திருக்கலாம், வேண்டுமென்றே இப்படிச் செய்தான் என்ற எண்ணமே வெறுப்புக்கு எண்ணெய். அந்த எண்ணத்தை எடுத்துவிட்டால் சுடர் தாழ்கிறது. அணைந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஓர் உணர்ச்சியை வெறும் உண்மையால் அடக்க முடியாது, அதனினும் வலிய எதிர் உணர்ச்சியால்தான் அடக்க முடியும் என்று அதே நூலில் ஒப்புக்கொள்கிறார். அறிவு தானே ஓர் ஆற்றலாக, ஒரு மகிழ்ச்சியாக மாறினால் மட்டுமே அது வெல்லும்.

அவருடைய முடிவுகள் எல்லாம் நமக்கு இனிப்பவை அல்ல. இரக்கம், பணிவு, கழிவிரக்கம் ஆகியவற்றை அவர் நற்பண்புகளாகக் கொள்ளவில்லை. அவை துயரத்தின் வகைகள், ஆற்றலைக் குறைப்பவை என்கிறார். அறிவாலும் உதவாதவன், இரக்கத்தாலும் உதவாதவன் மனிதத்தன்மை அற்றவன் என்று சேர்த்துச் சொல்லிவிடுவதால் தப்புகிறார். விலங்குகளை நம் விருப்பம்போலப் பயன்படுத்தலாம் என்பது அவர் கொள்கை. ஓய்வு நேரத்தில் சிலந்தி வலையில் ஈக்களை எறிந்து, நடப்பதைப் பார்த்துச் சிரிப்பார் என்று அவரது வரலாற்றை எழுதிய கொலேரஸ் குறித்திருக்கிறார். அவரைத் துறவியாக வரைபவர்கள் இந்தச் சிலந்தியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

'அறவியல்' எழுதி முடியும் முன்பே அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறொரு நூலை எழுத அவர் அமர்ந்தார். அதற்கு நாட்டின் நிலைமை காரணம். ஹாலந்தில் யோகான் டி விட் தலைமையிலான மக்களாட்சியினருக்கும், ஆரஞ்சு அரச குடும்பத்தின் பக்கம் நின்ற கால்வினியப் போதகர்களுக்கும் இடையே பிளவு முற்றிக்கொண்டிருந்தது. சமயப் போதகர்கள் சிந்தனையாளர்களின் வாயை அடைக்கும்படி ஆட்சியாளர்களை நெருக்கினார்கள். ஸ்பினோசாவின் நண்பர் அட்ரியான் கூர்பாக், சமயச் சொற்களை நையாண்டியோடு விளக்கும் அகராதி ஒன்றை 1668-இல் வெளியிட்டார். அடுத்த நூல் அச்சில் இருக்கும்போதே அச்சிட்டவர் அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்துவிட்டார். 10 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்ற கூர்பாக், 1669-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறையிலேயே இறந்தார்.

கூர்பாக் செய்த பெருங்குற்றம், மக்கள் பேசும் டச்சு மொழியில் எழுதியது. இலத்தீனில் எழுதியிருந்தால் கற்றோர் படித்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று ஆட்சியாளர்கள் விட்டிருக்கக்கூடும். ஸ்பினோசாவுக்கு இது நன்றாகப் புரிந்தது. 1670-இல் பெயரில்லாமல், ஹாம்பர்க்கில் அச்சானதாகப் பொய் முகவரியோடு வந்த அவரது 'சமய அரசியல் ஆய்வுரை' இலத்தீனில் இருந்தது. அதை டச்சில் பெயர்க்க ஒருவர் முனைந்தபோது, எப்படியாவது நிறுத்துங்கள் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். எல்லோருக்கும் சிந்தனை உரிமை வேண்டும் என்று வாதிட்ட நூலை எல்லோரும் படிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவரது முத்திரையில் ஒரு ரோஜாவும், எச்சரிக்கையாக இரு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தன. இதைக் கோழைத்தனம் என்பவர்கள் கூர்பாக்கின் முடிவை மறந்து பேசுகிறார்கள்.

அந்நூலில் அவர் மறைநூலை மற்றப் பழைய நூல்களைப் போலவே மொழி, காலம், ஆசிரியர் ஆகியவற்றை ஆராய்ந்து படிக்க வேண்டும் என்றார்; மோசே எழுதியதாகச் சொல்லப்படும் ஐந்து நூல்களும் அவர் எழுதியவை அல்ல என்று காட்டினார். நூலின் உயிர் இறுதி அதிகாரத்தில் உள்ளது. சிந்தனை உரிமையை அவர் அரசு தரும் சலுகையாகவோ கருணையாகவோ கேட்கவில்லை. ஒருவன் தன் அறிவை மற்றொருவனிடம் ஒப்படைக்க முயன்றாலும் ஒப்படைக்க இயலாது. இயலாததைச் சட்டத்தால் கட்டளையிடும் அரசு தன்னையே பலவீனப்படுத்திக்கொள்கிறது என்று வாதிடுகிறார். கருத்தைத் தடுக்கும் சட்டம் கயவர்களைத் தொடுவதில்லை. அவர்கள் எளிதாக வேடம் மாறிவிடுவார்கள். நேர்மையானவர்கள்தான் அகப்படுவார்கள். நாளடைவில் ஒன்றை நினைத்து மற்றொன்றைச் சொல்லும் பழக்கம் நாடெங்கும் பரவி, அரசுக்கு இன்றியமையாத நம்பிக்கையே அழிந்துபோகும். அரசின் நோக்கம் அச்சுறுத்துவதன்று, அச்சத்திலிருந்து விடுவிப்பது. எல்லை ஒன்றையும் அவர் வகுத்தார்: சொல்லலாம், கற்பிக்கலாம், வாதிடலாம், ஆனால், வஞ்சனையாலும் சினமூட்டியும் சட்டத்தைக் குலைக்கத் தூண்டலாகாது. இந்த எல்லையை எங்கே கோடிடுவது என்று உலகின் நீதிமன்றங்கள் இன்றும் விவாதித்து வருகின்றன.

1672-இல் பிரெஞ்சுப் படைகள் ஹாலந்துக்குள் புகுந்தன. இங்கிலாந்தும் போர் தொடுத்தது. தோல்விக்கு யாரையாவது பலியிட வேண்டிய மனநிலையில் மக்கள் இருந்தார்கள். ஆகஸ்ட் 20-ஆம் தேதி தி ஹேக் நகரில், சிறையிலிருந்த தம் சகோதரர் கொர்னேலிஸைக் காணச் சென்ற யோகான் டி விட்டையும் சகோதரரையும் ஒரு கும்பல் வெளியே இழுத்துக் கொன்றது. உடல்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சிதைத்தது. ஸ்பினோசாவின் அறை அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. செய்தி கேட்டு அவர் அழுததாகச் சொல்கிறார்கள். கொலைகாரர்களைக் காட்டுமிராண்டிகளிலும் கடையர் என்று இகழும் வாசகம் எழுதிய தட்டியை எடுத்துக்கொண்டு அன்றிரவே கொலை நடந்த இடத்துக்குச் செல்ல அவர் புறப்பட்டதாகவும், வீட்டுக்காரர் கதவைப் பூட்டி அவரைத் தடுத்துவிட்டதாகவும் பின்னர் அவரைச் சந்தித்த லைப்னிஸ் எழுதி வைத்திருக்கிறார்.

மனிதச் செயல்களை இகழாமல் புரிந்துகொள்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் இகழ்ச்சியை எழுதிய தட்டியோடு நின்ற அந்த இரவை, அவரது கோட்பாட்டின் தோல்வியாகக் காட்டுவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. வலிய உணர்ச்சியை வெறும் உண்மை தடுக்காது என்று எழுதியவரும் அவர்தான். அன்று அவரைக் காப்பாற்றியது மெய்யியலன்று. வான் டெர் ஸ்பைக் என்ற வண்ணக்காரர் போட்ட பூட்டு. அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1673-இல் பிரெஞ்சுப் படை முகாமிருந்த உட்ரெக்ட் நகருக்கு அழைப்பின்பேரில் அவர் சென்று திரும்பியபோது, ஒற்றர் என்று ஊரில் வதந்தி பரவியது. கும்பல் வீட்டை உடைக்குமோ என்று வீட்டுக்காரர் நடுங்கினார். கூட்டம் வாசலில் சத்தமிட்டால், டி விட் சகோதரர்களுக்குச் செய்ததையே தமக்குச் செய்வதானாலும், தாமே இறங்கிச் சென்று அவர்களைச் சந்திப்பதாக ஸ்பினோசா அவருக்கு ஆறுதல் கூறினார். இந்த முறை கையில் தட்டி இல்லை.

அதே ஆண்டில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் பதவி தேடி வந்தது. மெய்யியல் சிந்தனைக்கு முழு உரிமை உண்டு, நிலைபெற்ற சமயத்தைக் குலைக்க அதைப் பயன்படுத்தமாட்டார் என்று இளவரசர் நம்புகிறார் என்று அழைப்பில் கண்டிருந்தது. அந்த உரிமையின் எல்லை எதுவரை என்று தமக்குத் தெரியவில்லை என்பதையும், கற்பித்தல் தம் ஆராய்ச்சிக்கு இடையூறாகும் என்பதையும் சொல்லிப் பணிவோடு மறுத்துவிட்டார். நிபந்தனையை மெல்லிய சொற்களில் பொதிந்து தரும் இத்தகைய அழைப்புகள் எக்காலத்திலும் அறிஞர்களின் வாசலுக்கு வருபவைதாம். 1674-இல் ஹாலந்து அரசு 'சமய அரசியல் ஆய்வுரை'யைத் தடை செய்தது. 1675-இல் 'அறவியல்' நூலை அச்சிட ஆம்ஸ்டர்டாம் சென்றவர், கடவுள் இல்லை என்று நிறுவும் நூல் ஒன்று வரப்போகிறது என்ற வதந்தியும் போதகர்களின் முறையீடும் கேட்டு, கையெழுத்துப் படியோடு திரும்பினார்.

கடைசியாக அவர் எழுதத் தொடங்கிய அரசியல் நூல், மக்களாட்சி பற்றிய அதிகாரத்தின் தொடக்கத்திலேயே நின்றுபோயிற்று. அந்தச் சில பக்கங்களில் பெண்களையும் பணியாளர்களையும் ஆட்சியுரிமையிலிருந்து அவர் விலக்கிவிடுகிறார். பெண்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்களா, வழக்கத்தால் தாழ்த்தப்பட்டவர்களா என்ற சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு, தவறான விடையைத் தேர்கிறார். எங்கும் பெண்கள் ஆளப்படுவதைக் காண்கிறோம் என்பதே அவர் காட்டும் சான்று. காண்பதைக் காரணமாகக் கொள்ளாதே, காண்பதற்குக் காரணம் தேடு என்று கற்பித்தவர் இங்கே தம் முறையைத் தாமே கைவிட்டிருக்கிறார். இதை நேர் செய்ய அவருக்குக் காலம் இருந்திருந்தாலும் செய்திருப்பாரா என்பது ஐயமே.

அவரைப் பற்றிய பல செய்திகளை நமக்குத் தருபவர் கொலேரஸ் என்ற லூத்தரன் போதகர். ஸ்பினோசாவின் கருத்துகளை முழுமையாக வெறுத்தவர். ஆனால், தி ஹேக்கில் அவர் வாழ்ந்த அறையிலேயே பின்னாளில் குடியிருந்து, அறிந்தவர்களை விசாரித்து, கடைக்கணக்குகளைக்கூடப் பார்த்து எழுதினார். ஒரு நாள் முழுதும் வெண்ணெய் இட்ட பால்கஞ்சியும் சிறிது பீரும். மற்றொரு நாள் உலர்திராட்சை சேர்த்த கஞ்சி. வீட்டுக்காரரின் மனைவி, தம் சமயத்தால் தமக்கு மீட்பு கிடைக்குமா என்று கேட்டபோது, உங்கள் சமயம் நல்லது, அமைதியாகப் பக்தியோடு வாழ்ந்தால் வேறொன்றும் தேட வேண்டாம் என்று ஸ்பினோசா சொன்னதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். எதிர்ப்பாளரின் வரலாற்றைத் திரிக்காமல் எழுதிய இந்தப் போதகருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நீண்ட நாள் நுரையீரல் நோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. கண்ணாடித் தூள் அதை முற்றச் செய்திருக்கும் என்பது பொதுவான கருத்து. 1677-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் செய்துகொடுத்த சேவல் சாற்றை நண்பகலில் விருப்பத்தோடு அருந்தினார். அவர்கள் பிற்பகல் வழிபாட்டுக்குத் தேவாலயம் சென்று திரும்பியபோது இறந்திருந்தார். உடன் இருந்தவர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மருத்துவ நண்பர் மட்டுமே. வயது 44.

தாம் இறந்தால் தம் எழுதுமேசையை ஆம்ஸ்டர்டாமில் உள்ள பதிப்பாளர் ரியூவர்ட்ஸுக்கு உடனே அனுப்பிவிட வேண்டும் என்று வான் டெர் ஸ்பைக்கிடம் அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். மேசை போய்ச் சேர்ந்தது. உள்ளே 'அறவியல்' நூலின் கையெழுத்துப் படியும் கடிதங்களும் இருந்தன. அறையில் மிஞ்சியவை ஏறத்தாழ 160 நூல்கள், ஆடி தேய்க்கும் கருவிகள், சில துணிகள், அந்தக் கட்டில். சகோதரி ரெபெக்கா சொத்துரிமை கேட்டு வந்தார். மருந்துக்கடை பாக்கி, முடிதிருத்துபவர் பாக்கி, அடக்கச் செலவு ஆகியவற்றைக் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது என்று கணக்குப் பார்த்துவிட்டு, உரிமையைக் கைவிட்டுத் திரும்பிச் சென்றார். பொருள்கள் ஏலத்துக்குப் போயின. அந்த ஆண்டின் இறுதியில், ஊர்ப் பெயரும் பதிப்பாளர் பெயரும் இல்லாமல், ஆசிரியரின் பெயருக்கு மூன்று முதலெழுத்துகள் மட்டும் தாங்கி, அவருடைய நூல் தொகுதி வெளிவந்தது. மறு ஆண்டு ஹாலந்து அரசு அதையும் தடை செய்தது.